ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பிசுக்கு: இன்ஜின் போச்சா?

ஜோகுபாளையத்தில் வீடு, எம்.ஜி. ரோட்டில் ஆபீஸ். தினமும் சில கிலோமீட்டர்தான் கார் ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் ஒருநாள் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல பிசுக்கு. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்கும். தலையாட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

தண்ணீர் எங்கிருந்து வருது?

பெட்ரோலில் இருந்துதான். அதிலுள்ள ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி உண்டாகும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். காலையில் அங்கே நீர் சொட்டுவது அதனால்தான்.

கொஞ்சம் நீராவி மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால், பி.சி.வி. வால்வு அதை உறிஞ்சி வெளியேற்றிவிடும். சூடாகாவிட்டால், குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படிந்து, ஆயிலோடு கலந்து வெள்ளைப் பிசுக்காகும். ஆயில் மூடி சூட்டிலிருந்து தள்ளி, மேலே இருப்பதால் அங்கேதான் முதலில் தெரியும்.

பெங்களூரு குளிர் அவ்வளவு மோசமா?

இல்லை. இந்த நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான். அது 1884 ஜனவரி 13-இல். குளிர் பாதிக் காரணம் என்றால், குறுகிய பயணம் மீதிக் காரணம். டெம்பரேச்சர் முள் சில நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் அது காட்டுவது கூலன்டின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் காரை ஆஃப் பண்ணியிருப்பீர்கள்.

எப்போது பயப்படணும்?

மூடியில் மட்டும் பிசுக்கு, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம், கூலன்ட் அளவு குறையவில்லை என்றால் அது பெரும்பாலும் ஈரம்தான். துணியால் துடைத்துவிடுங்கள்.

கூலன்ட் அடிக்கடி குறைவது, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, டெம்பரேச்சர் முள் ஏறுவது: இதில் ஒன்று இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். டோ பண்ணி எடுத்துப் போங்கள். கூலன்ட் கலந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேய்ந்து, செலவு பல மடங்காகும். கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகே பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

வாரம் ஒருமுறை 30, 40 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். ஞாயிறு காலை ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் கே.ஆர். புரம் தாண்டி ஹோஸ்கோட்டே வரை போய் வந்தாலே போதும். வீட்டு வாசலில் சும்மா ஸ்டார்ட் பண்ணி வைப்பதில் ஆயில் சீக்கிரம் சூடாகாது, ஈரம்தான் சேரும்.

கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கையேட்டில் உள்ள மாதக் கணக்கைப் பாருங்கள். தேங்கிய ஈரம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

நீண்ட தூரம் ஓட்டிய பிறகும் பிசுக்கு திரும்பத் திரும்ப வந்தால், பி.சி.வி. வால்வையும் அதன் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே கூலன்ட் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். அதற்கு இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. அதன் முடிவைப் பார்த்த பிறகே மற்ற வேலைக்குச் சரி சொல்லுங்கள்.