கை அரிக்கிறதா? கழுத்தை விசாரியுங்கள்!

உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள் நம் பாட்டிகள். முழங்கையைச் சுற்றி அரித்தால்? சந்தேகமே வேண்டாம்... பணம் போகும்! களிம்பு, சோப்பு, வேப்பிலை, மஞ்சள், மந்திரிப்பு என்று வரிசையாக!

விசேஷம் என்னவென்றால், தோலில் ஒன்றுமே இருக்காது. தடிப்பு இல்லை, படை இல்லை. நாம் சொறிந்து சொறிந்து உண்டாக்கிய புண்தான் மிச்சம். ராத்திரி தூக்கம் போச்சு. ஐஸ் கட்டி வைத்தால் மட்டும் கப்பென்று அடங்கும். எடுத்தால் மறுபடி ஆரம்பம்! (இந்த ஐஸ் வித்தையே ஓர் அடையாளம் என்று 2005-ல் டாக்டர்கள் எழுதிவைத்தார்கள்.)

இந்த மர்மத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1968-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெய்ஸ்மன் என்ற டாக்டர்தான் இதை முதலில் பதிவு செய்தார். வெயில் கொளுத்தும் ஊர் ஆயிற்றே... பழி சூரியன் மேல் விழுந்தது. பதினைந்து வருஷம் கழித்து, 1983-ல் தென்னாப்பிரிக்காவின் டாக்டர் ஹெய்ல் வேறு ஆளைக் கைகாட்டினார். ‘குற்றவாளி கையில் இல்லை, கழுத்தில் இருக்கலாம்!’

எப்படி? வீட்டில் பல்பு மினுக் மினுக் என்றால் பல்பைத் துடைத்து என்ன பிரயோஜனம்? மெயின் பாக்ஸில் ஒயர் நசுங்கியிருக்கலாம் இல்லையா? கைக்கான நரம்புகள் கழுத்தெலும்புகளின் நடுவே உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. எலும்பு தேய்ந்தோ, நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கியோ நரம்பை அழுத்தினால், மூளைக்குத் தப்பான தந்தி போகிறது: ‘கை அரிக்கிறது!’ சூரியனும் முழு நிரபராதி அல்ல. கழுத்து மருந்தைக் கெட்டித்து வைக்கிறது, வெயில் திரியைக் கிள்ளுகிறது என்பதுதான் இன்றைய கணிப்பு.

அதே 1968-ல் இன்னொரு சம்பவம். இன்றைய ஜிம்பாப்வேயில் லெவி என்ற நரம்பு அறுவை நிபுணர், தலைச்சுமை தூக்குபவர்களின் கழுத்துக்கு வரும் கேட்டைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1994-ல் கானா நாட்டு ஆய்வும் அதையே சொன்னது: தலையில் சுமப்பவர்களுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் அதிகம்.

இங்கேதான் நம் கல்வராயன் மலை நினைவுக்கு வருகிறது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் ஆண்ட மலை. தேசத்துக்குச் சுதந்திரம் வந்தும், 1976-ல்தான் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ரோடு இல்லாத அந்தக் காலத்தில் கடுக்காயும் புளியும் எப்படிக் கீழே இறங்கியிருக்கும்? சும்மாட்டின் மேல்தான்! விறகுக்கட்டும் தண்ணீர்க்குடமும் இன்றைக்கும் பெண்கள் தலையில்தான். கச்சிராயபாளையம் பக்கம் வெயிலில் கரும்புக்கட்டு தூக்குகிறவரை யோசியுங்கள்... கழுத்தில் பாரம், கையில் வெயில். இரண்டு குற்றவாளிகளும் ஒரே இடத்தில்!

சரி, பரிகாரம்? 1998-ல் ஆஸ்திரேலியாவில் பதினான்கு பேருக்குக் கழுத்துக்கு மட்டும் சிகிச்சை தந்தார்கள். பெரும்பாலோருக்குக் கையரிப்பு தணிந்தது. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் மென்மையான நீட்டல் பயிற்சிக்குச் செலவும் கிடையாது.

நிமிர்ந்து உட்காருங்கள். தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுங்கள், ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். பிறகு வலது காதை வலது தோள் பக்கம் மெள்ளச் சாயுங்கள் (தோளைக் காதுக்குத் தூக்கக் கூடாது!). இடப் பக்கமும் அப்படியே. பத்து தடவை, காலையும் மாலையும். கையில் மின்சாரம் பாய்ந்தாலோ, மரத்தாலோ உடனே நிறுத்துங்கள். வெயிலில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சலூனில் ‘நெட்டி முறிப்பது’ பயிற்சி அல்ல! கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இரண்டு, கையில் பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பயிற்சியெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி! கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே, சிறுவங்கூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அங்கே போனால் கையை மட்டும் நீட்டாதீர்கள். ‘டாக்டர், நான் இத்தனை வருஷம் தலையில் சுமை தூக்கினேன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். கையைப் பார்த்து எழுதும் களிம்புச் சீட்டுக்கும், கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான்!