சேற்றுப் பலகையின் வாரிசு

டச் ஸ்கிரீன், ஏசி, ஏர்பேக் என்று ஒரு குடும்பமே இன்று காரின் டேஷ்போர்டில் குடியிருக்கிறது. ஆதியில் அதற்கு இருந்தது ஒரே வேலை, சேறு தடுப்பது. ஓடும் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறும் கல்லும் மேலே படாமலிருக்க, வண்டியோட்டியின் காலுக்கு முன்னால் நிறுத்திய மரப்பலகை அல்லது தோல்தட்டி அது.

குதிரை போன பிறகும் பலகை போகவில்லை. 1901-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் காரில் எஞ்சின் இருந்தது இருக்கைக்கு அடியில். இருந்தும், முன்னால் அழகாக வளைந்த பலகை ஒன்றை வைத்தார்கள். காருக்கே ‘கர்வ்டு டேஷ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பழக்கதோஷம்தான்.

எஞ்சின் முன்பக்கம் வந்ததும், சூட்டையும் எண்ணெயையும் மறிக்கும் வேலை பலகைக்குக் கிடைத்தது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் இக்னிஷன் காயில் பெட்டியை அந்த மரப்பலகையில்தான் பொருத்தினார்கள். கண்ணெதிரே இடம் காலியாக இருந்தால் விடுவார்களா? ஸ்பீடோமீட்டர், ஆயில் கேஜ், கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வந்து ஏறின. பிறகு மரம் போய் இரும்புத் தகடு வந்தது. அந்தத் தகட்டின் மேலேயே மர ரேகையைப் பெயின்டில் வரைந்தும் விற்றார்கள். பிளாஸ்டிக்கில் ‘வால்நட்’ ஃபிலிம் ஒட்டுவதை இன்று போலி என்று திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சென்டர் கன்சோலும் ஒரு மறைப்புதான். 1958 ஃபோர்டு தண்டர்பேர்டு தாழ்வான கார். கியர்பாக்ஸும் புரொபெல்லர் ஷாஃப்டும் போகும் மேடு, நடுவில் திண்ணை மாதிரி எழுந்து நின்றது. அதை ஒழிக்க முடியாததால் மூடி போட்டு, ஹீட்டர் கன்ட்ரோல், ரேடியோ ஸ்பீக்கர், ஆஷ்டிரே எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டார்கள். குறையே அலங்காரமாகிவிட்டது.

மோதலில் தகட்டு டேஷ்போர்டு மண்டையை உடைத்தது. 1956-இல் ஃபோர்டு மெத்தை வைத்த டேஷ்போர்டை விரும்பியவர்களுக்கு மட்டும் தனி விலைக்குக் கொடுத்தது. 1968 முதல் அமெரிக்கச் சட்டமே டேஷ்போர்டு தலையடியைத் தாங்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு நுரையும் வினைலும்தான். வெயிலில் நின்று நின்று வினைலுக்குள் இருக்கும் எண்ணெய்ப்பசை ஆவியாகும். முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படிவது பெரும்பாலும் அதுதான். பசை வற்றிய வினைல் வெடிக்கும்.

அப்போதுதான் டிரிம் மாற்றும் ஆசை வருகிறது. பெரும்பாலான பேனல்கள் கிளிப்பில்தான் நிற்கின்றன. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், விளிம்பில் தழும்பு விழும். பிளாஸ்டிக் நெம்பியைச் சந்தில் நுழைத்து மெல்ல நெம்பினால் ‘டக்’கென்று விடும். உடைந்த கிளிப்பை அப்படியே விட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் கடகடவென்று கேட்கும், புதிதாகவே போடுங்கள். ஏர்பேக் அருகே கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கார் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் பிளந்து வெளிவரும் இடத்தின் மேல் மர ஃபிலிமோ கவரோ எது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒட்டாதீர்கள்.