தலைக்கணக்கும் வாக்காளர் இடாப்பும்

மக்கள் பெயர்ந்தால் அவர்தம் பிரதிநிதித்துவமும் உடன் பெயரும் என்பது பொதுவான எடுகோள். இலங்கையின் தேர்தல் வரலாறு இதனை முற்றாக ஆதரிப்பதாயில்லை. ஆசனங்களைப் பங்கிடுங்கால் எண்ணப்படுவோர் யாவர் என்ற வினாவுக்குக் காலத்துக்கொரு விடை கூறப்பட்டமையே காரணமாகும்.

சோல்பரி யாப்பு 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என வகுத்தது. ஆயிரம் சதுர மைலுக்கு ஒருவரென மேலதிக ஆசனங்களும் வழங்கியது. குடிசனம் ஐதான பகுதிகளில் வாழ்ந்த சிறுபான்மையினர்க்கு இது காப்பாகும் எனக் கருதப்பட்டது. இவ்வாறமைந்த 95 ஆசனங்களுள் 25 நிலப்பரப்பால் வந்தவை. தலைக்கணக்கில் வாக்குள்ளோர், வாக்கற்றோர் என்ற பாகுபாடு இருக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரும் எண்ணப்பட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினர்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களுட் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. ஆயின் மலையகத் தொகுதிகள் நீக்கப்படவில்லை. 1952இல் அவ்வாசனங்களை நிரப்பியோர் அங்கு எஞ்சிய சிறுதொகை வாக்காளரே. 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயமும் மொத்தக் குடிசனத்தையே அடிப்படையாகக் கொண்டது. தோட்டத் தமிழரின் தலைகள் மலையகத்துக்கு ஆசனம் தேடித்தந்தன. உறுப்பினரைத் தெரிந்தோர் பெரும்பாலும் கண்டிச் சிங்களவர். தேயிலைக் கொழுந்தைப் போலவே இதுவும் பிறர்க்குப் போய்ச் சேர்ந்த விளைச்சல் எனலாம். 1977இல், மூன்று உறுப்பினர் தொகுதியான நுவரெலியா-மஸ்கெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவாகும் வரை இந்நிலை நீடித்தது.

1978ஆம் ஆண்டு யாப்பு அளவுகோலை மாற்றியது. மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட, எஞ்சிய 160 ஆசனங்களும் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பங்கிடப்பட்டன. பிரஜாவுரிமை மீளக் கிடைத்த மலையகத் தமிழர்க்கு இது நன்மையாயிற்று. நுவரெலியா மாவட்டம் 2010இல் 7 உறுப்பினரையும் 2015இல் 8 உறுப்பினரையும் பெற்றது.

வடக்கின் கதை வேறு. இன்றைய கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 1981இல் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை 7 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. போர் தின்றவர் போக, கடல் கடந்தோர், கொழும்புக்குப் பெயர்ந்தோர், 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எனப் பலரும் இக்குறைவில் அடங்குவர். எனினும் அவர்தம் பெயர்கள் இடாப்பில் நெடுங்காலம் தங்கியிருந்தன. ஊரை விட்டுப் போனவர்களின் பெயர்களே மண்ணுக்கு ஆசனங்களைக் காத்துநின்றன என்பது விந்தையே. 1989இல் 11 ஆகவிருந்த ஆசனங்கள் 2010இலும் 9 ஆகவே நின்றன. 2010இல் 7,21,359 பேரைக் காட்டிய இடாப்பு திருத்தப்பட்டபின் 2015இல் 5,29,239 பேரையே காட்டியது. ஆசனங்கள் 7 ஆயின.

அதன்பின் வாக்காளர் தொகை சிறிது வளர்ந்தது. 2020இல் 5,71,848 ஆகவும் 2024இல் 5,93,187 ஆகவும் அது உயர்ந்தது. நாட்டின் ஏனைய பகுதிகள் இதனிலும் விரைந்து வளர்ந்தமையால் 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தவை 6 ஆசனங்களே. அதே தேர்தலில் கம்பகாவின் ஆசனங்கள் 18இலிருந்து 19 ஆயின.