ஒட்டுத் தெரியாத நிறம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை போகும் ஏ-6 வீதியும் தம்புள்ளையில் ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. 1999-இல் இங்கே பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பிறகு, மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவு பகலாக இந்தச் சந்தியை நிறைக்கின்றன. வாகனம் பெருகிய ஊரில் உரசலும் பெருகும். உரசல் பெருகிய ஊரில் ‘ரிங்கரிங் – பெயின்ரிங்’ என்று பலகை மாட்டிய கொட்டகைகளுக்கு வேலை குறையாது. நசுங்கிய மட்காட்டோடு கார்க்காரர் அங்கே போகும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் வைக்கிறார்: அடிபட்டது தெரியக்கூடாது. புதுப் பெயின்ற் பழைய பெயின்றோடு ஒட்டுத் தெரியாமல் கலந்துவிட வேண்டும். இது மனித இயல்பு, அழகுணர்ச்சி, எக்காலத்துக்கும் பொது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த நிபந்தனைக்கு வயது மிகக் குறைவு. இலங்கையில் அதற்கு அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. கார் ஓடுகிற பொருளாக மட்டும் இருந்தவரை யாரும் நிறப் பொருத்தத்தைப் பெரிதாகக் கேட்கவில்லை. அது சேமிப்பாக, விற்றுக் காசாக்கும் சொத்தாக மாறியபோதுதான் கேட்கத் தொடங்கினார்கள். அதைச் சொத்தாக மாற்றியது பெரும்பாலும் அரசின் இறக்குமதிக் கொள்கை.

தொழிலின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் ‘ரிங்கர்’ என்றால் ஊரூராகப் போய்ச் சட்டி பானைக்கு ஈயம் ஒட்டுகிறவர். இங்கிலாந்தில் அது ஏறக்குறைய ஏளனச் சொல். இலங்கையிலும் இந்தியாவிலும் அதே சொல் கார் உடலைத் தட்டி நிமிர்த்தும் கைத்தொழிலாளரின் பெயராகி மரியாதை பெற்றுவிட்டது. மேசனையும் தச்சரையும் போல அவரையும் இலங்கையில் ‘பாஸ்’ என்றே அழைக்கிறோம். அது 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் தலைவர், மேற்பார்வையாளர் என்று பொருள். கண்டி இராச்சியத்துக்குள் இருந்த தம்புள்ளையை ஒல்லாந்தர் ஒருநாளும் ஆளவில்லை. சொல் மட்டும் பிறகு மலையேறி வந்து சேர்ந்திருக்கிறது. பெயரின் பிற்பாதியான ‘பெயின்ரிங்’ முற்பாதியோடு எப்போதும் ஒட்டியே வந்தாலும், இரண்டும் ஒரே வேலை அல்ல. தகட்டை நிமிர்த்துவது பழைய கம்மாளர் கலையின் தொடர்ச்சி. நிறத்தைப் பொருத்துவது அப்படியல்ல. அதற்கு இந்த மண்ணில் நேரான முன்னோடி இல்லை.

இல்லை என்று நான் சொல்வதற்குத் தம்புள்ளையே சாட்சி. சந்திக்குத் தெற்கே, பாறையில் இருக்கும் குகைக் கோயிலின் ஐந்து குகைகளிலும் சுவரும் கூரையுமாக ஏறக்குறைய 2,100 சதுர மீற்றருக்கு ஓவியம் பரந்து கிடக்கிறது. கோயிலின் தொடக்கம் கி.மு. முதலாம் நூற்றாண்டின் வலகம்பா மன்னனோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிசங்கமல்லன் இங்குள்ள 73 சிலைகளுக்குப் பொன் பூசியதாகத் தன் கல்வெட்டில் பதிந்துவைத்தான். ஆனால் இன்று கண்ணில் படும் ஓவியங்களில் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டுக்கு உரியவை. மதுரை நாயக்கர் வழியில் வந்து 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்துச் சித்திரக்காரர்கள், சிதைந்த பழைய சுவரில் விட்டுப்போன இடத்தை மட்டும் தேடிப் பழைய நிறத்துக்கு ஈடாக நிரப்பிக் கொண்டிருக்கவில்லை. சுவரை முழுதாக எடுத்து, தங்கள் காலத்துச் சிவப்பையும் மஞ்சளையும் தங்கள் பாணியிலேயே பூசினார்கள். புதிதாகப் பூசுவது புண்ணியம்; பழையது மறைவது இழப்பாகக் கருதப்படவில்லை. ஐந்தாவது குகை 1915-இல் சீரமைக்கப்பட்டது. குகைகளின் முன்னால் நிற்கும் வெள்ளை வளைவு மண்டபம் 1938-இல் வந்தது. அவையும் இதே மனப்பான்மையின் கடைசி அடுக்குகள். பழுதுபார்த்தல் என்றால் மூடிப் புதுப்பித்தல் என்பதே அந்த நீண்ட மரபு.

காரிலும் முதற்கட்டம் இதுவாகவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது இலங்கை கார் இறக்குமதியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. 1977 வரை கதவு பெரிதாகத் திறக்கவில்லை. அதற்கு முன்பு வந்திறங்கிய ஒஸ்ரின், மொரிஸ், ஹில்மன் கார்களே ஒரு தலைமுறையைச் சுமந்தன. உதிரிப்பாகம் வராததால் துருப்பிடித்த கதவை வெட்டி எறிந்து, தட்டையான தகட்டிலிருந்து புதுக்கதவை அடித்தெடுக்கும் திறமை இங்கே வளர்ந்தது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காருக்கு வேண்டிய தகடுகளை இலங்கையில் செய்விக்கும் ஏற்பாட்டில் இறங்கினார் என்றால், அந்தத் திறமையின் அளவை ஊகிக்கலாம். கார் பிறந்த நாட்டுக்கே அதன் உடல் இங்கிருந்து போனது. ஆனால் அந்தக் கார்களின் நிறத்தைப் பாருங்கள். இன்றும் ஓடும் மைனர்களில் பல, தொழிற்சாலை ஒருபோதும் பூசியிராத நிறங்களில் இருக்கின்றன. ஒரு கதவு மாறினால் வண்டியையே முழுதாகச் சுரண்டி முழுதாக அடித்துவிடுவது வழக்கம். குகைச் சித்திரக்காரரின் வழியும் அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அக்காலத்தவர் பொருத்த விரும்பவில்லை என்பது எப்படித் தெரியும்? பொருத்துவதற்கு வேண்டிய சாயம் கிடைக்காததால் விட்டிருக்கலாமே? மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு, தட்டுப்பாடு உண்மை. ஆனால் வேலையின் கடினத்தை எடைபோட்டால் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. அந்தக் கார்களின் பூச்சு ஒற்றை நிறம், உலோகத் துகள் எதுவும் இல்லாதது. 1923-இல் அமெரிக்காவின் டியூபோன் நிறுவனம் ‘டுகோ’ என்ற பெயரில் கொண்டுவந்த நைத்ரோசெலுலோசுப் பூச்சும், அதற்குப் பின் வந்த எனாமலும், கண்ணால் பார்த்துக் கையால் கலந்து ஈடுகட்டக் கூடியவை. வெள்ளையில் ஒரு துளி கறுப்பு, ஒரு துளி மஞ்சள் என்று அனுபவசாலி அடித்துவிடுவார். வறண்ட வலயமான தம்புள்ளையில் அவருக்கு இருந்த பெரிய தொல்லை வடகீழ்ப் பருவக்காற்று மாதங்கள்தான்: ஈரப்பதன் ஏறினால் செலுலோசுப் பூச்சு காயும்போது வெளிறிப் பால்படிந்துபோகும். ஆக, பொருத்தம் எளிதாக இருந்த காலத்தில் அதைக் கேட்டவர் குறைவு. அது மிகக் கடினமாகிவிட்ட பிறகே எல்லாரும் கேட்கிறார்கள். பொருள் இல்லாமை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்தத் தலைகீழ் நிலை வந்திருக்காது.

கடினமாக்கியவர்கள் யப்பானியர்கள். 1977-இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு, யப்பானில் சில ஆண்டு ஓடிய ‘ரீகண்டிஷன்’ கார்கள் இறங்கத் தொடங்கின. அவற்றோடு உலோகத் துகள் கலந்த வெள்ளி நிறமும், அதன்மேல் கண்ணாடி போன்ற ‘கிளியர்’ பூச்சும், பின்னர் முத்துவெள்ளையும் வந்தன. தொயோட்டாவின் 1எஃப்7 என்ற வெள்ளி நிறம் நேரே பார்க்கையில் ஒன்றாகவும், சாய்த்துப் பார்க்கையில் வேறாகவும் தெரியும். காரணம், பூச்சுக்குள் மிதக்கும் அலுமினியச் செதில்கள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பது. ஸ்பிரே துப்பாக்கியைச் சற்று விலக்கி, காற்றழுத்தத்தைக் கூட்டி, உலர்வாக அடித்தால் நிறம் வெளிறும். ஈரமாக, கனமாக அடித்தால் செதில்கள் அமிழ்ந்து நிறம் கறுக்கும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெயின்ற் இரண்டு கைகளில் இரண்டு நிறமாகும். முத்துவெள்ளை இன்னும் பிடிவாதமானது. தொயோட்டாவின் 070 என்ற குறியீட்டுக்கு முதலில் வெள்ளை, அதன்மேல் முத்துத்தூள் கலந்த ஒளிபுகும் பூச்சு, பிறகு கிளியர் என்று மூன்று படிகள் வேண்டும். நடுப்பூச்சு ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பக்கத்துக் கதவு தனியே தெரியும். அதனால்தான் பாஸ்மார் அடிபட்ட மட்காட்டோடு நிற்காமல், அடிபடாத கதவின் பாதிவரை புதுநிறத்தைக் கரைத்துக்கொண்டு போகிறார்கள். கண் ஒரு கோட்டை உடனே பிடித்துவிடும். மெல்ல மாறிப்போகும் நிறத்தை அதனால் பிடிக்க முடியாது. என் கணிப்பில் இந்தத் தொழிலின் உச்ச அறிவு இந்த ஏமாற்றுதான்: உண்மையில் நிறம் பொருந்தியிருக்க வேண்டியதில்லை, மாறும் இடம் தெரியாமல் இருந்தால் போதும்.

கணினி வந்த பிறகு இந்தக் கைத்திறமைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நிறத்தை எண்ணால் சொல்லும் முயற்சி புதிதல்ல. 1905-இல் அமெரிக்க ஓவிய ஆசிரியர் அல்பர்ட் மன்செல் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். 1931-இலும் 1976-இலும் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு கணித அளவுகளைத் தந்தது. இன்று கையடக்கமான நிறமானி ஒன்றைத் தகட்டில் வைத்தால் கலவை விகிதம் வந்துவிடும். ஆனால் அது தருவது துப்பாக்கிக்குள் போகும் திரவத்தின் கணக்கு. துப்பாக்கிக்கு வெளியே நடப்பது அதன் கையில் இல்லை. அத்தோடு, தொழிற்சாலையில் பூச்சு 140 பாகை செல்சியஸ் அளவிலான சூட்டில் வேகிறது. பிளாஸ்ரிக்கும் வயரும் இருக்கையும் பொருத்திய காரை அப்படி வேகவைக்க முடியாது. திருத்தகத்தில் 60 பாகைதான் உச்சம், கொட்டகையில் அதுவும் இல்லை. வேறு சாயங்களால் செய்த இரண்டு பூச்சுகள் குழல்விளக்கின் கீழ் ஒன்றாக இருந்து வெயிலில் பிரிந்துபோவதும் உண்டு. அதனாலேயே நல்ல பாஸ் சாம்பிள் தகட்டை வெளியே எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தம்புள்ளை வெயிலில் பத்து வருடம் நின்ற கார் அதன் குறியீட்டுத் தகடு சொல்லும் நிறத்தில் இருக்கப்போவதும் இல்லை.

ஒட்டுத் தெரியாமல் மறைப்பதற்கு நேர்மாறான நெறியும் இதே மாவட்டத்தில் பரீட்சிக்கப்பட்டது என்பது வரலாற்றின் சுவையான தற்செயல். 1967 ஒக்ரோபர் 14 அன்று, தம்புள்ளையிலிருந்து அதிக தூரமில்லாத சீகிரியாவில், காசியப்பன் காலத்து ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்கள்மீது யாரோ பச்சைப் பெயின்றை அப்பிவிட்டார்கள். சில இடங்களில் சுதையையும் கொத்திச் சிதைத்தார்கள். உரோமிலிருந்து லூசியானோ மரான்சி என்ற இத்தாலிய நிபுணர் வந்து அவற்றை மீட்டெடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டாக இருந்திருந்தால் சுவரில் புது மங்கையர் தோன்றியிருப்பார்கள். ஆனால் உலகம் அதற்குள் மாறியிருந்தது. 1964-இன் வெனிஸ் சாசனம், இழந்த பகுதியை நிரப்பும்போது அது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபட்டும் தெரிய வேண்டும் என்று விதித்திருந்தது. இத்தாலியப் பள்ளி அதற்கு முன்பே, நிரப்பும் இடத்தை நெருக்கமான மெல்லிய கோடுகளால் தீட்டும் முறையை வகுத்திருந்தது: எட்ட நின்றால் ஒரே படம், கிட்டப் போனால் எது பழையது எது புதியது என்று தெரியும். கார்க்காரரிடம் இந்த நேர்மையைச் சொன்னால் சிரிப்பார். ஆக, ஒட்டுத் தெரியக்கூடாது என்பது கண்ணின் இயல்பான ஆசை என்றால், அரும்பெரும் ஓவியங்கள் விஷயத்தில் அதே கண் எப்படி எதிர்மாறான விதியை ஏற்றது? ஓவியத்தை விற்கப் போவதில்லை. காரை விற்கத்தான் போகிறோம்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று 2020-இல் தொடங்கியது. பெருந்தொற்றோடு சேர்ந்து வந்த டொலர்த் தட்டுப்பாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்தாண்டில், 2022-இல் ரூபாய் சரிந்த பிறகு சொல்லவே வேண்டாம், பல பழைய கார்கள் வாங்கிய விலையைவிட அதிகத்துக்குக் கைமாறின. வீட்டு முற்றத்தில் நின்ற கார் வங்கிப் புத்தகமாயிற்று. உடனே வாங்குபவரின் கேள்வியும் மாறியது: நிறம் பொருந்துகிறதா என்பது போய், ‘ஒரிஜினல் பெயின்றா’ என்பது வந்தது. துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கீழே பட்டி நிரப்பியிருந்தால் காந்தம் பிடிக்காது. தொழிற்சாலைப் பூச்சின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். அளவுக்கருவி முந்நூறு காட்டினால் விலை இறங்கும். அழகு காரணமாக இருந்திருந்தால், கண்ணுக்கே புலப்படாத அடுக்கைத் தேடி யாரும் கருவி வாங்கியிருக்க மாட்டார்கள். முன்பு 1960களில் இதே மாதிரித் தடை இருந்தும் இந்த வெறி வரவில்லையே என்று கேட்கலாம். அன்று கதவு மீண்டும் திறக்கும் என்று நம்பியவர் குறைவு. வண்டி சாகும்வரை வைத்திருக்கும் பொருள். 1977-க்குப் பிறகுதான் மூன்று, நான்கு வருடத்துக்கொருமுறை காரை விற்று அடுத்ததுக்கு ஏறும் பழக்கம் நடுத்தர வர்க்கத்தில் படிந்தது. அந்தப் பழக்கத்தின்மேல் தடை விழுந்தபோது ஒவ்வொரு கீறலுக்கும் ரூபாய்க் கணக்கு வந்துவிட்டது.

விற்பதற்காக வைத்திராத வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால் பொருளாதார மத்திய நிலையத்துக்குள் போனால் போதும். ‘டிமோ பட்டா’ என்று நாடே அழைக்கும் டாட்டாவின் சின்ன லொறிகளும், கரட்டும் கோவாவும் ஏற்றிய பெரிய லொறிகளும் பக்கத்தோடு பக்கம் உரசிக்கொண்டு நிற்கும். ஒன்றின் கதவு நீலம், கூடு வேறு நீலம். இன்னொன்றின் மூக்கில் பிரைமரின் சாம்பல் நிறம் அப்படியே நிற்கிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் சாமி பேரும் ஊர்ப் பேரும். மூட்டை ஏறி இறங்கினால் கூலி வந்துவிடுகிறது. நிறம் பொருந்தவில்லை என்று யாரும் மூட்டை ஏற்ற மறுப்பதில்லை. முழுப் பெயின்ற் அடிக்கும் நாள் வந்தால் முதலாளி புது நிறம் ஒன்றைத் தெரிந்தெடுத்து வண்டியை மேலிருந்து கீழ்வரை மூடிவிடுவார், மேலே பாறையில் கண்டிச் சித்திரக்காரர்கள் செய்ததைப் போலவே.