வேலூர் 2019: ரத்தான தேர்தலும் ரத்தாகாத வேட்புரிமையும்

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கும் தோல் ஷாப்புகளுக்கும் தேர்தல் விடுமுறை. வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் அன்று இரண்டு வாக்குகள் போட்டிருக்க வேண்டும். போட்டது ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. வேலூர் மக்களவைத் தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாகக் குடியரசுத் தலைவர் இரண்டு நாள் முன்பே ரத்து செய்திருந்தார். அதே தொகுதியின் குடியாத்தத்திலும் இதே நிலைதான். எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி கெட்டுப்போன சூழல், அதே தெருவில் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க மட்டும் எப்படித் தகுதியானது?

வாக்குக்கு லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் 1920-லேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகிவிட்டது. ஓராண்டு வரை சிறை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123-இல் அதை ஊழல் செயலாக்கியது. இரண்டு சட்டங்களும் குற்றம் செய்த ஆளைத் தேடுபவை. 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வந்த 58-ஏ பிரிவு பார்வையை ஆளிடமிருந்து இடத்துக்குத் திருப்பியது: வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டால் தேர்தலையே ரத்து செய்யலாம். பணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் கொடுக்கும் ஒரு 'ஃபார்முலா'வுக்கே பெயர் கொடுத்தது. 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களை ரத்து செய்தபோது, தேர்தல் ஆணையம் அரசியலமைப்பின் 324-ஆம் பிரிவையும் 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தையும் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. பிறகு 2017-இல் ஆர்.கே. நகர். பணத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் வேலூருடையது.

வேலூரில் வருமான வரித் துறை கைப்பற்றியது 11 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு சிமென்ட் கிடங்கில் கிடைத்த கட்டுகளில் வார்டு வாரியாகக் குறிப்பு இருந்தது. போய்ச் சேர வேண்டிய வார்டு வரை எழுதிவைத்த நிர்வாக ஒழுங்கு! இப்படி ஓர் ஒழுங்கை ரேஷன் கடையில் பார்த்தால் மகிழ்ந்திருப்போம்.

ரத்து என்ற தீர்வில் ஓட்டை உண்டு. தேர்தல் ரத்தானால் வென்றவர் இல்லை. வென்றவர் இல்லையேல், உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கும் இல்லை. 123-ஆம் பிரிவு அப்படியே உறங்கிவிடுகிறது. மிஞ்சுவது குற்றவியல் வழக்கு. அதில் தண்டனை உறுதியாகும் வரை யாரும் போட்டியிடலாம். அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர், வேலூர் நான்கிலும் முக்கிய வேட்பாளர்கள் மீண்டும் களத்தில் நின்றார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் விலை கொடுத்தது யார்? வேலூரில் மூன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்த வாக்காளர்.

இதே தோல் பகுதியின் கழிவுநீரைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு நியாயம்: மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும். பாலாற்றைக் கெடுத்தவர்களிடம் கேட்ட கணக்கைத் தேர்தலைக் கெடுத்தவர்களிடமும் கேட்பதுதான் முறை. பொது வாழ்வில் நேர்மையைத் தலைவர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டு, அபராதத்தை மட்டும் தொகுதிக்கு விதிப்பது நீதியாகாது.

2019 ஆகஸ்ட் 5 அன்று வேலூரில் நடந்த மறுதேர்தலில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். நோட்டாவுக்கு விழுந்தவை 9,000-க்கும் மேல்.