பிள்ளைங்க பார்க்கட்டும், பள்ளிக்கூடமும் போகட்டும்

அப்பன் ஏர் ஓட்டுவதை மகன் பார்த்துக் கத்துக்கலாமா? இதிலே என்ன கேள்வி என்பீர்கள். ஆனால் இதே விஷயம் ஒரு காலத்தில் சென்னை சட்டசபையையே இரண்டாகப் பிரித்தது.

1953-ம் வருஷம் ராஜாஜி முதலமைச்சர். நம்ம விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவிலே இருந்தன. எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைக்கப் பள்ளிக்கூடமும் போதவில்லை, வாத்தியாரும் போதவில்லை. அதனால் அந்த ஜூன் மாதம் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் வந்தது. தினம் 5 மணி நேரப் படிப்பு 3 மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு பிரிவாக மாறி மாறி வருவார்கள். மீதி நேரத்தில் பெரியவங்க செய்யும் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் துணி வெளுக்கிறவர் பிள்ளை வெளுக்கவும், பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்கவும்தானே பழகும்? பட்டணத்துப் பிள்ளை மட்டும் முழு நேரம் படிக்குமே! பெரியாரும் மற்றவர்களும் இதைத்தான் கேட்டார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பேரே நிலைத்துவிட்டது. ஜூலையில் திட்டத்தை நிறுத்தச் சொல்லிச் சட்டசபையில் தீர்மானம் வந்தபோது, ஓட்டு 138-க்கு 138 என்று சரிசமமாக விழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியானால் பிள்ளைங்க வயல் பக்கமே வரக்கூடாதா? அப்படியில்லீங்க. பார்ப்பது தப்பில்லை, படிப்பைக் குறைத்ததும், பிறந்த வீட்டுத் தொழிலோடு பிள்ளையைக் கட்டிப் போட்டதும்தான் தப்பு.

லீவு நாளிலே பிள்ளையை மல்லாட்டைக் கொல்லைக்குக் கூட்டிப் போங்க. மேலே பூத்த பூவிலிருந்து ஊசி இறங்கி, மண்ணுக்குள்ளே காய் பிடிப்பதைக் காட்டுங்க. ஒரு காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கறுத்திருந்தால் முற்றிவிட்டது என்று சொல்லுங்க. மகனோடு மகளும் வரட்டும். மருந்து அடிக்கும் இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

நம்ம வேலையோடு நிறுத்தவும் வேண்டாம். டி.எம்.வி. ரக மல்லாட்டை என்கிறோமே, அது திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பேரைத் தாங்கியது. டி.எம்.வி. 2 ரகம் 1940-லேயே வந்துவிட்டது. செடியைத் தேர்ந்தெடுத்து ரகம் உண்டாக்குவதும் பெரியவங்க வேலைதான். பாங்கி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி வேலைகளும் பிள்ளையின் கண்ணில் படட்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2010 முதல் 6 வயசிலிருந்து 14 வயசு வரை படிப்பு பிள்ளையின் உரிமை. 2016-ல் திருத்திய சட்டப்படி, 14 வயசுக்குள்ளே இருக்கும் பிள்ளை ஆபத்தில்லாத வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யலாம். அதுவும் பள்ளி விட்ட பிறகோ, விடுமுறையிலோதான்.

நம்ம பாட்டைப் பிள்ளைங்க அறியட்டும். எந்த வேலைக்குப் போவது என்பதை, முழுக்கப் படித்த பிறகு அதுங்களே முடிவு செய்யட்டும்.