பராமரிப்பு வதிவிடம் (யாழ்ப்பாணக் குடாநாடு)

முதுமை, மாற்றுத்திறன், நீடித்த நோய் ஆகியவற்றால் அன்றாட உதவி தேவைப்படுவோருக்கு உறைவிடத்தையும் பராமரிப்பையும் ஒருங்கே வழங்கும் ஏற்பாடு. அரச இல்லம், தொண்டு இல்லம், கட்டண இல்லம் என இது வகைப்படும். கைதடி அரச முதியோர் இல்லம் முதல் வகையைச் சார்ந்தது. விழிப்புலனற்றோருக்கான சுன்னாகம் வாழ்வகம் இரண்டாவதைச் சார்ந்தது.

இத்தேவையை வறுமையின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. சீதன வீட்டில் மகள் குடும்பத்தோடு பெற்றோர் முதுமையைக் கழிப்பது குடாநாட்டில் பரவலான வழக்கமாக இருந்தது. 1983க்குப் பிந்தைய புலப்பெயர்வும் 1995 இடப்பெயர்வும் அதைக் குலைத்தன. காணியும் வெளிநாட்டுப் பணமும் இருந்தும், இரவில் கைத்தாங்கலாக எழுப்பிவிட ஆளில்லாத வீடுகள் பல. பழைய வீட்டமைப்பும் இடர் தருவது: உயர்ந்த வாசற்படி, கப்பிக் கிணறு, வளவின் கோடியில் மலசலகூடம். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு இம்மூன்றும் எட்டாதவை.

இல்லங்கள் பிள்ளைகளின் கடமையைத் தளர்த்திவிடும் என்பது வழமையான மறுப்பு. கடமை தளர்வதற்கு இல்லங்களைவிடத் தொலைவே பெரிய காரணம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என விதித்து, பராமரிப்புப் பணம் கோரவும் வழிசெய்கிறது. எனினும் பணம் பெற்றுத்தரும் சட்டம் பராமரிப்பாளரைத் தருவதில்லை. சொந்த வீட்டிலேயே இருத்துவது மேல் என்ற வாதம் வலுவானது. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும் ஒழுங்கான மருத்துவ வருகையும் வேண்டும். படுக்கையோடு இருப்போர், மறதிநோயாளர் ஆகியோருக்கு இவ்வழி பெரும்பாலும் போதாது.